பாரிஸிலிருந்து வியன்னாவுக்கு ஒரே பகலில்: மூன்று ரயில் பாதைகளில் எது?

பாரிஸில் காலை ஏழு மணி வாக்கில் ரயில் ஏறினால், அன்று இரவுச் சாப்பாட்டை வியன்னாவில் முடித்துக்கொள்ளலாம். இதற்கு நடைமுறையில் மூன்று பாதைகள் இருக்கின்றன. ஸ்ட்ராஸ்பூர், ஸ்டுட்கார்ட், மியூனிக், சால்ஸ்பர்க் வழியாகச் செல்வது ஒன்று. பிராங்க்ஃபர்ட், நியூரம்பெர்க், பஸாவ் வழியாகச் செல்வது மற்றொன்று. பாசல், சூரிக், இன்ஸ்புரூக் வழியாக ஆல்ப்ஸ் மலையைக் குறுக்கே கடந்து செல்வது மூன்றாவது. படுத்தபடியே போய்ச் சேரும் வசதியை 2021 டிசம்பரில் தொடங்கிய பாரிஸ்–வியன்னா இரவு ரயிலான நைட்ஜெட் சில ஆண்டுகள் தந்தது. பிரெஞ்சு அரசின் நிதியுதவி நின்றதால் 2025 டிசம்பரோடு அந்த ரயிலும் நின்றுபோயிற்று. ஆகவே, விமானம் வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் இப்போது இந்த மூன்று பகல் பாதைகளுக்குள்தான் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது.

பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி பெரும்பாலும் கோடையில்தான் எழுகிறது. புதுச்சேரியிலிருந்தோ சென்னையிலிருந்தோ பெற்றோர் வந்திருப்பார்கள். அவர்களுக்கு நாலு நாட்டைக் காட்ட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை இருக்கும். விமான நிலைய வரிசைகளில் நிற்க அவர்களுடைய முழங்கால் இடம் கொடுக்காது. பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன், ஆஸ்திரியா ஆகிய ஐந்து நாடுகளுமே ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் எல்லைக்குள் அடங்குவதால் விசாவைப் பொறுத்தவரை எந்தப் பாதையில் போனாலும் சிக்கல் இல்லை. பிறகு எதை வைத்து முடிவெடுப்பது? எல்லோரும் மொத்தப் பயண நேரத்தையும் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அந்த இரண்டும் முக்கியந்தான். ஆனால் ஒரே நாளில் முடித்தாக வேண்டிய நீண்ட பயணத்தில் அவற்றுக்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: முதல் ரயில் தாமதமாகி இணைப்பு ரயில் கைநழுவிப் போனால், அன்றிரவுக்குள் வியன்னாவைச் சேர்க்கக்கூடிய ரயில்கள் அந்த நிலையத்திலிருந்து இன்னும் எத்தனை மிச்சம் இருக்கின்றன?

இந்தக் கண்ணோடு பார்த்தால், கடைசியாக ரயில் மாறும் இடம் போய்ச்சேர வேண்டிய ஊருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தப் பயணம் தாமதத்தைத் தாங்கும் என்பது தெரியவரும். மியூனிக்கிலிருந்து வியன்னா ஏறக்குறைய நான்கு மணி நேரம், பிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஆறரை, சூரிக்கிலிருந்து எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பிற்பகல் மூன்று மணிக்கு மியூனிக்கில் நிற்பவர் கவலைப்பட வேண்டியதில்லை. அதே மூன்று மணிக்கு சூரிக்கில் நிற்பவர் அடுத்த வண்டியைப் பிடித்தால்கூட நள்ளிரவை ஒட்டித்தான் இறங்குவார்.

முதலில் மியூனிக் பாதை. இது புகழ்பெற்ற பழைய தடம். 1883 அக்டோபரில் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் பாரிஸின் கார் து லெஸ்ட் நிலையத்திலிருந்து கிளம்பி, ஸ்ட்ராஸ்பூர், மியூனிக், வியன்னா வழியாகத்தான் கிழக்கே போயிற்று. அந்தப் பெயரைத் தாங்கிய வழக்கமான ரயில் பாரிஸிலிருந்து வியன்னாவுக்கு 2007 வரை ஓடியது. கிழக்கு பிரான்சின் அதிவேகப் பாதை அந்த ஆண்டு திறக்கப்பட்டதும் ஸ்ட்ராஸ்பூரோடு சுருக்கப்பட்டு, 2009 டிசம்பரில் முற்றிலும் நிறுத்தப்பட்டது. இன்று அதே கார் து லெஸ்டிலிருந்து பிரான்சின் அதிவேக ரயிலான தெஜேவே (TGV) மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஸ்ட்ராஸ்பூரையும், ரைன் ஆற்றைக் கடந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஸ்டுட்கார்ட்டையும் அடைந்துவிடுகிறது. பாரிஸ்–மியூனிக் நேரடி ரயில் மிகச் சொற்பம் என்பதால் காலையில் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஸ்டுட்கார்ட்டில் ஒருமுறையும் மியூனிக்கில் ஒருமுறையுமாக இரண்டு தடவை மாற வேண்டியிருக்கும். ஸ்டுட்கார்ட்டுக்கும் உல்முக்கும் இடையில் 2022 டிசம்பரில் திறக்கப்பட்ட புதிய தடம் பயணத்தை இன்னும் குறைத்திருக்கிறது. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து மொத்தம் பத்தரை முதல் பதினோரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றில் இதுவே வேகமானது.

இரண்டு மாற்றங்கள் என்றதும் மூட்டைமுடிச்சோடு படியேறி இறங்க வேண்டுமே என்று தயங்குவோர் உண்டு. ஸ்டுட்கார்ட்டும் மியூனிக்கும் தண்டவாளம் வந்து முடியும் முனைய நிலையங்களாகவே அமைந்தவை. வந்த நடைமேடையின் தலைப்பகுதிக்கு நடந்து, அங்கிருந்து அடுத்த நடைமேடைக்குத் திரும்பினால் போதும், படிக்கட்டு குறுக்கிடாது. தொலைவு மட்டும் கொஞ்சம் நீளும். மியூனிக்கில் ஓரத்து நடைமேடைகள் முதன்மைக் கூடத்திலிருந்து நன்றாகத் தள்ளி இருப்பதால், முதியவர்களோடு மாறுவதற்குப் பதினைந்து நிமிடம் போதாது.

இந்தப் பாதையின் உண்மையான பலவீனம் ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்கள் நேரத்தைக் காப்பாற்றாமல் இருப்பது. ஆறு நிமிடத்துக்குள்ளான தாமதத்தைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால்கூட, 2024-ஆம் ஆண்டில் ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்சே பானின் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதமே சரியான நேரத்துக்கு வந்தன. அதாவது ஏறத்தாழ எட்டு ரயிலில் மூன்று தாமதம். இரண்டு முறை மாறும் பயணத்தில் ஏதோ ஓர் இணைப்பு அறுபடுவது அபூர்வமாக நடப்பதல்ல, எதிர்பார்த்தே கிளம்ப வேண்டிய ஒன்று. இருந்தும் நான் இந்தப் பாதையைத் தள்ளிவிடாததற்குக் காரணம், முன்னே சொன்ன அந்தக் கேள்விக்கு மியூனிக் தரும் பதில்தான். அங்கிருந்து வியன்னாவுக்கு ஆஸ்திரிய ரயில்வேயின் ரெயில்ஜெட்டும், தனியார் நிறுவனமான வெஸ்ட்பானும் பகல் முழுவதும் ஓடுகின்றன. நேரடி வண்டி இல்லாத வேளையில் வட்டார ரயிலில் சால்ஸ்பர்க் வரை போய்விட்டால், அங்கிருந்து வியன்னா இரண்டரை மணி நேரத்துக்குள்தான். வண்டிகளும் அடிக்கடி கிடைக்கும். இணைப்பு அறுந்தாலும் நாள் அறுவதில்லை.

பிராங்க்ஃபர்ட் பாதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கார் து லெஸ்டிலிருந்து பிராங்க்ஃபர்ட்டுக்கு நான்கு மணி நேரம், அங்கே ஒரே ஒரு மாற்றம், பிறகு நேராக வியன்னா. மொத்தம் பதினொன்று, பதினொன்றரை மணி நேரம். தாளில் பார்க்க இதுதான் எளிமையாகத் தெரியும். ஆனால் பிராங்க்ஃபர்ட்டிலிருந்து வியன்னா போகும் ரயில் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் வருகிறது. ஒன்றைத் தவறவிட்டால் அதை ஈடுகட்ட இடையில் வேறு வசதி குறைவு. அதோடு, ஜெர்மனி தன் முக்கியத் தடங்களை மாதக்கணக்கில் முழுதாக மூடிப் புதுப்பிக்கும் பெரும் வேலையில் இறங்கியிருக்கிறது. 2024 ஜூலை முதல் டிசம்பர் வரை பிராங்க்ஃபர்ட்–மான்ஹைம் தடம் அப்படித்தான் மூடப்பட்டது. நியூரம்பெர்க்கிலிருந்து ரேகன்ஸ்பர்க், பஸாவ் நோக்கிப் போகும் தடம் 2026-ஆம் ஆண்டின் வரிசையில் இருக்கிறது. மூடியிருக்கும் மாதங்களில் ரயில்கள் சுற்றிப் போகும், நேரம் கூடும். டான்யூப், இன், இல்ஸ் என்னும் மூன்று ஆறுகள் கூடும் பஸாவ் ஊரும், அதைத் தாண்டியதும் இன் ஆற்றை ஒட்டி ஓடும் சிறு பகுதியும் அழகானவைதாம். அவற்றுக்காக மட்டும் இந்தப் பாதையை எடுக்கச் சொல்ல மாட்டேன். கட்டணம் மிகவும் குறைந்து கிடைத்தால், அல்லது மாடிப்பெட்டியில் ஏற முடியாதவர்கள் உடன் வந்தால், அப்போது யோசிக்கலாம். ஸ்டுட்கார்ட்டுக்கும் சூரிக்குக்கும் போகும் தெஜேவேக்கள் இரண்டடுக்கு வண்டிகள். பிராங்க்ஃபர்ட் தடத்தில் ஓடும் ஜெர்மன் அதிவேக ஐசிஇ (ICE) வண்டிகளோ ஒரே தளம்.

இனி சூரிக் பாதை. மூன்றில் நீளமானது இதுதான். காத்திருப்போடு பதின்மூன்று மணி நேரத்தை நெருங்கும். இருந்தும் நீண்ட பகல் ஒன்றை ரயிலிலேயே கழிப்பது என்று முடிவு செய்தபின், அந்தப் பகலில் கண்ணுக்கு எதைக் கொடுக்கிறோம் என்பதும் கணக்கில் வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ரயில் கார் து லியோன் நிலையத்திலிருந்து கிளம்புகிறது. தெஜேவே லிரியா என்ற பெயரில் பிரெஞ்சு, சுவிஸ் ரயில்வேக்கள் சேர்ந்து நடத்தும் வண்டி இது. திஜோன், மியூலூஸ், பாசல் வழியாக நான்கு மணி நேரத்தில் சூரிக்கை அடைகிறது. இரண்டடுக்கு வண்டி என்பதால் முதியவர்களுக்குக் கீழ்த்தளத்தில் இருக்கை கேட்டுப் பதிவு செய்வது நல்லது. ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகும் வழி மேல்தளத்தில்தான் இருக்கிறது என்பதால், உணவுப் பெட்டிக்குப் போக நினைக்கும் கீழ்த்தளத்துக்காரர்கள் எப்படியும் படியேற வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சூரிக்கிலும் இந்த ரயில்கள் வழக்கமாக மேலே உள்ள முனையக் கூடத்துக்கே வருவதால் மாற்றம் சமதளத்தில் முடிந்துவிடுகிறது.

சூரிக்கில் ரெயில்ஜெட் ஏறும்போது, பயணத் திசையை நோக்கி உட்கார்ந்தால் இடப்பக்கம் வரும் சன்னலைப் பிடிக்க வேண்டும். முதலில் சூரிக் ஏரி, பிறகு வாலன் ஏரி. அதன் எதிர்க்கரையில் நீர்மட்டத்திலிருந்து செங்குத்தாக எழும் கூர்ஃபிர்ஸ்டன் சிகரங்கள். எல்லாம் அந்தப் பக்கந்தான். அதைத் தாண்டி சுவிஸ் எல்லை நிலையமான புக்ஸில் ரயில் சில நிமிடம் நின்று, வந்த திசையிலேயே திரும்பிக் கிளம்பும். முதன்முறை வருபவர்களுக்கு இது திகைப்பாக இருக்கும். என் அம்மாவும் மடியில் வைத்திருந்த கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு, “என்னப்பா, வந்த வழியே திரும்பிப் போகுதே, நாம சரியான வண்டியிலதான் இருக்கமா?” என்று கேட்டார். சரியான வண்டிதான். புக்ஸ் நிலையத்தின் தண்டவாள அமைப்பினால் அங்கே ஓட்டுநர் மறுமுனைக்கு மாறி வண்டியை நடத்துகிறார். இதில் பயணிக்கு ஓர் ஆதாயமும் இருக்கிறது: இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்காமலேயே வலப்பக்கத்துக்காரர் ஆகிவிடுகிறார், அடுத்து வரும் ஆர்ல்பெர்க் ஏற்றத்தில் பள்ளத்தாக்கு விரியும் பக்கமும் அதுவே.

புக்ஸைத் தாண்டியதும் ரைன் ஆறு. ஆற்றைக் கடந்தால் லீக்டன்ஸ்டைன். இந்த ரயில் அங்கே நிற்பதில்லை, சில நிமிடங்களில் ஒரு நாடு கடந்துபோய்விடும். ஃபெல்ட்கிர்க்கில் ஆஸ்திரியா தொடங்குகிறது. புளூடன்ஸிலிருந்து மலையேற்றம், அதன் உச்சியில் 1884-இல் திறக்கப்பட்ட, பத்தரைக் கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளமுள்ள ஆர்ல்பெர்க் சுரங்கம். மறுபுறம் சாங்க்ட் ஆன்டன் வழியாக இறங்கும்போது திரிசானா ஆற்றின் மேல் எண்பது மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் நிற்கும் பாலத்தைக் கடக்கிறோம்; ஒரு பக்கம் கோட்டை, கீழே பச்சையாய் ஓடும் ஆறு. இந்தக் காட்சிகளை வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமானால் பாரிஸிலிருந்து அதிகாலை லிரியாவிலேயே கிளம்பியாக வேண்டும். சூரிக்கிலிருந்து ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரத்தில் ஆர்ல்பெர்க் வந்துவிடும் என்பதால், நண்பகலை ஒட்டி சூரிக்கை விட்டால் டிசம்பரில்கூட இருட்டுவதற்குள் மலையைக் கடந்துவிடலாம். பத்து மணி வாக்கிலான லிரியாவை எடுத்தால் குளிர்காலத்தில் சன்னலில் தெரிவது நம் முகம் மட்டுமே. இன்ஸ்புரூக்கைத் தாண்டி கூஃப்ஸ்டைனுக்கும் சால்ஸ்பர்க்குக்கும் இடையில் ரயில் நிற்காமல் ஜெர்மன் மண்ணில் ஓடி மீண்டும் ஆஸ்திரியாவுக்குள் வருவதால், பகல் முடிவதற்குள் ஐந்து நாடுகளின் நிலத்தைத் தொட்டுவிடுகிறோம்.

நேரத்தைக் காப்பாற்றுவதில் சுவிஸ் ரயில்வேக்கு இணையாக ஐரோப்பாவில் சிலரே தேறுவார்கள். 2024-இல் அங்கே 93 சதவீதப் பயணிகள் மூன்று நிமிடத்துக்குள்ளான தாமதத்தோடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் பாரிஸிலிருந்து வரும் வண்டி பெரும்பாலும் பிரெஞ்சுத் தடத்தில் ஓடி வருவது என்பதால் அந்த எண்ணை அப்படியே நம் பயணத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே மாற்றம் ஒன்றுதான் என்பதும், அது பயணத்தின் முற்பகுதியிலேயே வருகிறது என்பதும் சேர்ந்து ஒரு விநோத நிலையை உண்டாக்குகின்றன. அதிகாலை வண்டியில் கிளம்பினால், சூரிக்கில் ஒரு ரெயில்ஜெட் போனாலும் இரண்டு மணி நேரத்தில் வரும் அடுத்தது இரவுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். தாமதமாகக் கிளம்பியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அப்படி நேர்ந்தால் கடைசித் துணையாக, சூரிக்கிலிருந்து இரவு கிளம்பி மறுநாள் காலை வியன்னா சேரும் நைட்ஜெட் இருக்கிறது. கோடையில் அதில் படுக்கை கிடைப்பது எளிதல்ல.

டிக்கெட்டை எப்படி வாங்குகிறோம் என்பது பாதையைத் தேர்வதற்கு இணையான முக்கியம் கொண்டது. பாரிஸிலிருந்து வியன்னா வரை ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால், முதல் ரயிலின் தாமதத்தால் அடுத்தது தவறும்போது பயணத்தைத் தொடர வைக்கும் கடமை விற்ற நிறுவனத்தின் மேல் விழுகிறது. 2023 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் கால் பங்கும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் பாதியும் இழப்பீடாகக் கேட்கலாம். புயல், வெள்ளம் போன்ற பெரும் இடர்களால் வந்த தாமதத்துக்கு இது பொருந்தாது. ஜெர்மன் வழிப் பாதைகளுக்கு அப்படி முழுத்தொலைவு டிக்கெட்டை டாய்ச்சே பானிடம் வாங்குவது எளிது. சேருமிடத்தில் இருபது நிமிடத் தாமதம் எதிர்பார்க்கப்பட்டாலே குறிப்பிட்ட ரயிலில்தான் ஏற வேண்டும் என்ற கட்டுப்பாடும் தளர்ந்துவிடும். சூரிக் பாதையிலோ பலர் லிரியாவைப் பிரெஞ்சுத் தளத்திலும், ரெயில்ஜெட் சலுகை டிக்கெட்டை ஆஸ்திரியத் தளத்திலும் தனித்தனியாக வாங்குகிறார்கள். மலிவுதான், ஆனால் நடுவில் அறுந்தால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. தனித்தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் சூரிக்கில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் முதியவர்கள் காலாற நடக்கவும் முடியும். ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு ரயில் பாஸ் எடுப்பதாக இருந்தால், ஐரோப்பாவில் வசிக்காதவர்களுக்குரிய யூரெயில் பாஸைத்தான் எடுக்க வேண்டும், பிள்ளைகளுக்கு இன்டர்ரெயில். இரண்டிலும் தெஜேவேக்கு இருக்கைப் பதிவு கட்டாயம், ரெயில்ஜெட்டுக்கு விருப்பம்.

கடவுச்சீட்டைப் பெட்டியின் அடியில் வைக்கக் கூடாது. 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. பிரான்சில் வசிப்பவர்கள் குடியிருப்பு அட்டையோடு கடவுச்சீட்டையும் கையில் வைத்திருக்க வேண்டும். இன்னொரு சிறு விஷயம், சூரிக் வழியில் போகிறவர்களுக்கு மட்டும்: சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் விதிகளுக்குள் வராது. உங்கள் பிரெஞ்சு சிம் அட்டையின் திட்டத்தில் சுவிட்சர்லாந்து சேர்ந்திருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இணைப்பு ரயிலைத் தேட வேண்டிய நேரத்தில்தான் இணையம் இருக்காது. சாப்பாட்டுக்கு, பாரிஸின் கார் து நோர் நிலையத்துக்குப் பின்னாலுள்ள லா சப்பல் பகுதித் தமிழ்க் கடைகளில் முந்தைய நாள் மாலையே வாங்கி வைப்பது உத்தமம். சைவம் மட்டும் சாப்பிடும் பெரியவர்களுக்கு ரெயில்ஜெட் உணவகத்தில் கிடைப்பது குறைவு. புளிச்சோறும் தயிர் இல்லாத தொடுகறியும் பதின்மூன்று மணி நேரத்தைத் தாங்கும்.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். பெற்றோரோடு, கோடையில், வாழ்க்கையில் ஒருமுறை என்று போகும் பயணமாக இருந்தால் அதிகாலை லிரியாவில் சூரிக் வழி. வியன்னாவில் மறுநாள் காலை திருமணமோ வேலையோ இருந்து, எப்படியும் அன்றிரவு போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும் என்றால் மியூனிக் வழி. ஸ்டுட்கார்ட்டிலும் மியூனிக்கிலும் தாராளமாக இடைவெளி விட்டு, ஒரே டிக்கெட்டில். பதின்மூன்று மணி நேரம் உட்கார முடியாது என்று மருத்துவர் சொன்னவர்களை இந்த மூன்றில் எதிலும் ஏற்ற வேண்டாம். சூரிக் பாதையிலேயே இன்ஸ்புரூக்கில் ஓர் இரவு தங்கி, நாலரை மணி நேரத்தை மறுநாளுக்கு விடுவது அவர்களுக்கு நல்லது.

திரும்பி வரும்போது கணக்கு மாறுகிறது. இப்போது கடைசி மாற்றம் பாரிஸுக்கு அருகில் இருக்க வேண்டும். சூரிக்கிலிருந்து பாரிஸ் நான்கு மணி நேரந்தான் என்பதால், போகும்போது ஆபத்தாக இருந்த அதே இடம் வரும்போது வசதியாகிவிடுகிறது. தவிர, ஆஸ்திரியாவிலிருந்து ஜெர்மனிக்குள் நுழையும் எல்லையில் 2015 முதலே சோதனைகள் நடந்துவருவதால் மேற்கு நோக்கிய மியூனிக், பிராங்க்ஃபர்ட் ரயில்கள் எல்லையில் நின்று தாமதமாவது உண்டு. இன்ஸ்புரூக் வழி ரயில் ஜெர்மன் நிலத்தில் எங்கும் நிற்பதில்லை. ஆகவே வேகத்துக்காக மியூனிக் வழியே போனவர்களும் வரும்போது சூரிக் வழியே வரலாம். வியன்னாவில் காலையின் முதல் சூரிக் ரெயில்ஜெட்டைப் பிடித்துவிட்டால், பிற்பகலில் சூரிக்கிலிருந்து பாரிஸுக்குக் கிளம்பும் லிரியாக்களில் ஒன்றைத் தவறவிட்டாலும் மாலையில் இன்னொன்று இருக்கும்.